அரை வாட் கூட இல்லாத அலறல்

யமஹா ஒய்15இசட்ஆர், நிமிடத்துக்கு 8,500 சுற்றில் 15.4 குதிரைத்திறன் தரும் 150 சி.சி. வண்டி. வாட் கணக்கில் சொன்னால் சுமார் 11,300. அந்த வண்டிக்குக் கடையில் சத்தமான எக்சோஸ் ஒன்றை வாங்கிப் போட்டு, வால் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி அளக்கும்போது மீட்டர் 110 டெசிபெல் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒலியாக வெளியே போகும் திறன் 0.3 வாட்தான் வரும். இஞ்சினின் திறனில் ஏறக்குறைய முப்பத்தேழாயிரத்தில் ஒரு பங்கு. இரவு இரண்டு மணிக்கு ஒரு தாமான் குடியிருப்பு முழுவதையும் எழுப்பிவிட இவ்வளவு போதும்.

காது அவ்வளவு நுட்பமான கருவி என்பது ஒரு பக்கம். காதை நம்பி இஞ்சினின் பலத்தை எடைபோடக் கூடாது என்பது இன்னொரு பக்கம். மலேசியாவின் ஜொகூரில் எக்சோஸ் மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேர் சத்தத்துக்காக வருகிறார்கள், மீதிப் பேர் பவருக்காக. இரண்டும் ஒரே பொருள் என்று நினைத்து வருகிறவர்களும் உண்டு. கடைக்காரர் அவர்களைத் திருத்த மாட்டார். அவர் பிழைப்பு அதில்தான் இருக்கிறது.

குழாய்க்குள் நடப்பதைப் பார்ப்போம். எரிந்து முடிந்த வாயு சிலிண்டருக்குள் இன்னும் வெளிக்காற்றைப் போலச் சில மடங்கு அழுத்தத்தில் இருக்கும்போதே எக்சோஸ் வால்வு திறக்கிறது. அந்தக் கணத்தில் இரண்டு பயணங்கள் தொடங்குகின்றன. வாயு நகர்கிறது, அது ஒன்று. வாயுவுக்குள் ஓர் அழுத்த அலை ஓடுகிறது, அது மற்றொன்று. தைப்பூசக் கூட்டத்தில் பின்னாலிருந்து யாரோ தள்ளினால், அந்தத் தள்ளு ஐம்பது பேரைத் தாண்டி முன்வரிசைக்குப் போய்விடும். தள்ளியவர் நின்ற இடத்திலேயே நிற்பார். அலையும் அப்படித்தான். சாதாரணக் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். 500 டிகிரி சூட்டில் இருக்கும் எக்சோஸ் வாயுவில் அது 550 மீட்டரை எட்டிவிடும். வாயு அவ்வளவு வேகத்தில் போவதில்லை.

குழாயின் திறந்த முனையை அடைந்ததும் அந்த அலை முழுவதுமாக வெளியே போய்விடுவதில்லை. ஒரு பகுதி திரும்பி வருகிறது, அதுவும் தலைகீழாக. போகும்போது அழுத்த மேடாகப் போனது, வரும்போது அழுத்தப் பள்ளமாக வருகிறது. அந்தப் பள்ளம் வால்வுக்கு வந்து சேரும் நேரத்தில் எக்சோஸ் வால்வு மூடிக்கொண்டும், இன்டேக் வால்வு திறந்துகொண்டும் இருந்தால், மிச்சப் புகையை அது உறிஞ்சி எடுத்துவிடும். புதுக் காற்றையும் உள்ளே இழுக்கும். குழாயால் பவர் கூடுகிறது என்று சொன்னால் அதற்கு அர்த்தம் இதுதான். மற்றபடி சைலன்சர் என்பது இரும்புக் குழாய்.

ஒரு கணக்கு. இஞ்சின் 7,000 சுற்றில் ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு 8.6 மில்லி விநாடி. எக்சோஸ் வால்வு திறந்ததிலிருந்து இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளி வரை கிராங்க் 220 டிகிரி சுற்றுவதாகக் கொண்டால், 5.2 மில்லி விநாடி கிடைக்கும். அதற்குள் அலை 2.9 மீட்டர் ஓடும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் குழாயின் நீளம் அதில் பாதி, கிட்டத்தட்ட 1.4 மீட்டர். இதே இஞ்சின் 4,000 சுற்றில் ஓடும்போது கணக்கு மாறி, நீளம் 2.5 மீட்டர் ஆகிவிடும். அவ்வளவு நீளக் குழாயைக் காப்சாய் என்கிற சின்ன வண்டியில் மாட்டினால் பின்னால் வரும் லோரி ஓட்டுநர்தான் அதைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அதனால் குட்டையான குழாயைப் போட்டு அதே அலையை மறுபடி மறுபடி பயன்படுத்துகிறார்கள். முதல் முறை திரும்பும்போது அது பள்ளம். வால்வுப் பக்கம் மோதி மீண்டும் ஓடி இரண்டாம் முறை வரும்போது மேடு. மூன்றாம் முறை மறுபடியும் பள்ளம். 1.4 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம் இருந்தால், மூன்றாவது பள்ளம் சரியான நேரத்துக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் அலை கொஞ்சம் வலுவிழந்துதான் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, எந்தக் குழாயும் எல்லாச் சுற்றிலும் நல்லது செய்யாது. ஓர் இடத்தில் கொடுத்ததை இன்னோர் இடத்தில் எடுத்துக்கொள்ளும். ‘பேக் பிரஷர் போயிடுச்சு, அதான் கீழ பவர் இல்ல’ என்று பொமென்கள், அதாவது மெக்கானிக்குகள், சொல்வது இந்த இழப்பைப் பார்த்துத்தான். பார்த்தது சரி, சொன்ன காரணம் தப்பு. தடை குறைந்ததால் எந்த இஞ்சினும் பலம் இழப்பதில்லை. அகலமான குழாயில் வாயு மந்தமாகிவிடுகிறது, அலை தப்பான நேரத்தில் வந்து சேருகிறது. சிக்னலில் இருந்து கிளம்பும்போது வண்டி ‘இழுக்க மாட்டேங்குது’ என்றால் அலையின் நேரக்கணக்குத்தான் விட்டுப்போயிருக்கிறது.

நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்குக் குழாய் ஒரு துணைதான். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கோ பாதி இஞ்சினே குழாய்தான். மலேசியாவில் ஆர்.எக்ஸ்.இசட், 125இசட் என்ற பெயர்களைக் கேட்டதும் நாற்பது வயது ஆண்களின் முகத்தில் ஒரு வெளிச்சம் வருவதற்கும், தமிழ்நாட்டில் 1985இல் வந்த ஆர்.எக்ஸ்.100 இன்னமும் காதல் கடிதம் பெறுவதற்கும் அந்தக் குழாயின் ஓசை ஒரு காரணம். இந்த இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் சிலிண்டர் தலையில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டன்தான் திறந்து மூடுகிறது. புகை வெளியே போகும் துளை திறந்திருக்கும்போதே புதுக் கலவை உள்ளே வருகிறது. வந்ததில் ஒரு பகுதி, எரியாமலேயே புகையோடு வெளியே போய்விடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலை இது.

அதற்கு மருந்து கண்டவர்களில் முக்கியமானவர் வால்டர் காடன். கிழக்கு ஜெர்மனியில் சோப்பாவ் என்ற சிறு ஊரில் இருந்த எம்.இசட். தொழிற்சாலையின் பந்தயப் பிரிவை நடத்தியவர். வயிறு பெருத்த குழாய்களை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.கே.டபிள்யூ. நிறுவனத்தில் ஏற்கெனவே முயன்றிருந்தார்கள். அதைக் கணக்கும் அளவீடுமாகச் செதுக்கி எடுத்தது காடன். குழாய் முதலில் கூம்பாக விரிகிறது. விரியும் இடத்தில் பள்ள அலை திரும்பி வந்து புகையை உறிஞ்சுகிறது. கூடவே கொஞ்சம் புதுக் கலவையும் குழாய்க்குள் வந்துவிடுகிறது. பிறகு குழாய் மறுபடி குறுகுகிறது. குறுகும் இடத்தில் மோதிய அலை தலைகீழாகாமல் மேடாகவே திரும்பி ஓடி வந்து, வெளியேறிய கலவையைத் துளை மூடும் கணத்தில் சிலிண்டருக்குள்ளேயே திணித்துவிடுகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல், தகரத்தை வளைத்துச் செய்த ஒரு டர்போ. 1961இல் எம்.இசட்.டின் 125 சி.சி. பந்தய வண்டி 25 குதிரைத்திறனை எட்டியிருந்தது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு.

அதே 1961இல்தான் கதை துப்பறியும் நாவலாக மாறியது. பெர்லின் சுவர் எழுந்தது ஆகஸ்டில். செப்டம்பரில் சுவீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் நகரில் பந்தயம். 125 சி.சி. உலகப் பட்டத்துக்கான போட்டியில் முன்னணியில் இருந்த எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், இஞ்சின் பழுதாகிப் பந்தயத்தை விட்டதும், அப்படியே மேற்குக்குத் தப்பிப் போனார். அவர் மனைவியும் பிள்ளைகளும் காரில் ஒளித்துக் கடத்தப்பட்டார்கள். டெக்னர் போய்ச் சேர்ந்த இடம் சுசுகி. 1962இல் 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகியில் ஓட்டிய டெக்னருக்குக் கிடைத்தது. அந்த நுட்பம் ஜப்பானிய நிறுவனங்களிடையே பரவி, அடுத்த தலைமுறையில் ஆசியத் தெருக்களுக்கு வந்தது. 1986இல் திறக்கப்பட்ட பாசிர் கூடாங் ஜொகூர் சர்க்கியூட்டில், 1998 ஏப்ரலில் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ நடந்தபோது, 500 சி.சி. பிரிவில் அணிவகுத்தவை இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளே. ஒவ்வொன்றின் வயிற்றடியிலும் காடனின் கூம்புகள் சுருண்டு கிடந்தன. காடன் அதற்கு ஈராண்டு முன்பே இறந்துவிட்டார்.

இனிப் பட்டறைக்கு வருவோம். ஜொகூரின் ஸ்கூடாயில் ஒரு பட்டறை. மேடையில் ஓர் ஒய்15. குழாய் மாற்றுவதில் கஷ்டமான பகுதி மாட்டுவது இல்லை, கழற்றுவதுதான். சிலிண்டர் தலை அலுமினியம், அதில் இறுகியிருக்கும் ஸ்டட் எஃகு. அலுமினியம் சூட்டில் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஆண்டுக்கணக்கில் விரிந்து சுருங்கி, ஜொகூர் மழையில் நனைந்து துருப்பிடித்த நட்டைப் பலமாகத் திருகினால் ஸ்டட் உள்ளேயே முறியும். பிறகு துளையிட்டு எடுக்க வேண்டும். எக்சோஸ் வாங்கிய காசைவிடச் செலவு கூடிவிடலாம்.

“அண்ணே, சூடா இருக்கும்போதே கழட்டிடலாமே, சீக்கிரம் முடியும்ல?”

“கை வெந்துரும் தம்பி. ஆயில் அடிச்சிருக்கேன், ஊறட்டும். போய் ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வா லா.”

பொமென் அவசரப்படாததில் விஷயம் இருக்கிறது. நட்டு கழன்றதும் துளையின் வாயில் ஒரு செம்பு வளையம் தெரியும். அதுதான் கேஸ்கெட். ஒருமுறை நசுங்கிப் பொருந்திய வளையம் இரண்டாம் முறை அதே மாதிரி பொருந்தாது. ஒரு பாக்கெட் சிகரெட் விலைகூட வராத இதைப் புதிதாகப் போடாமல் மிச்சம் பிடிப்பவர்கள் பின்னால் வருந்துவார்கள். புதுக் குழாயை நுழைத்து, எல்லா நட்டையும் போல்ட்டையும் கையால் மட்டும் பூட்டி, குழாய் தானாக எங்கே உட்கார விரும்புகிறதோ அங்கே உட்கார விட வேண்டும். பிறகு தலைப்பக்க நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது. கடைசியில்தான் பின்புறத் தாங்கி. முதலில் பின்னால் இறுக்கிவிட்டு முன்னால் இழுத்துப் பொருத்தினால், அந்த இழுவிசை முழுவதும் வெல்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். சில மாதத்தில் அங்கே முடி போல ஒரு விரிசல் தெரியும்.

தாங்கியில் ரப்பர் புஷ் இருப்பதும், துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதும் அலங்காரத்துக்கு அல்ல. 60 சென்டிமீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 500 டிகிரி சூடேறினால் 5 மில்லிமீட்டர் நீளும். அந்த ஐந்து மில்லிமீட்டருக்குப் போக்கிடம் வேண்டும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பொமென் ஒரு துணியில் ஸ்பிரிட் நனைத்துக் குழாய் முழுவதையும் துடைக்கிறார். விரல் ரேகையின் எண்ணெய்ப் பசை சூட்டில் வெந்து உலோகத்தில் கறையாகத் தங்கிவிடும் என்பதற்காக. பத்து நிமிடம் ஓடியதும் வளைவில் நிறம் ஏறத் தொடங்குகிறது: வெளிர் மஞ்சள், வைக்கோல் நிறம், தலையை ஒட்டிய இடத்தில் ஊதாவும் நீலமும். சாயம் எதுவும் இல்லை. குரோமியம் ஆக்சைடின் மெல்லிய படலம் சூட்டுக்கு ஏற்பத் தடிக்கிறது. அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறம் காட்டுகிறது. மஞ்சள் என்றால் 300 டிகிரியைத் தாண்டியிருக்கிறது, கருநீலம் என்றால் 600ஐ நெருங்கியிருக்கிறது. எந்த இடம் எவ்வளவு சூடானது என்பதைக் குழாய் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. விலை கூடிய டைட்டேனியம் குழாய்களின் வானவில் நிறத்துக்கும் இதே இயற்பியல்தான். அங்கே படலம் டைட்டேனியம் ஆக்சைடு.

இஞ்சின் ஆறியதும் நட்டுகளை இன்னொருமுறை இறுக்க வேண்டும். கேஸ்கெட் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கியிருக்கும். இதைச் செய்யாத வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டதும் ‘பட் பட்’ என்று வெடிக்கும். சிலர் அதைப் பெருமையாக நினைக்கிறார்கள். உண்மையில் அழுத்தப் பள்ளம் வரும்போதெல்லாம் கேஸ்கெட் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. எரியாத பெட்ரோல் அந்தக் காற்றைச் சந்தித்துக் குழாய்க்குள்ளேயே எரிகிறது. ஆக்சிஜன் சென்சார் உள்ள எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியாக இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். கசிந்து வந்த ஆக்சிஜனைப் பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தகவல் சொல்லும், இஞ்சினின் கணினியான இ.சி.யு. அதை நம்பிக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். பிளக் கறுக்கும். வண்டி பெட்ரோல் தின்னும். எக்சோஸ் கடைக்காரரைத் திட்டுவார்கள். தப்பு ஒரு செம்பு வளையத்தின் மேல்.

முழுக் குழாயையும் மாற்றும்போது பல வண்டிகளில் இன்னொன்றும் சேர்ந்து போகிறது: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூட்டு வடிவச் சிறு உருளை. 250, 300 டிகிரிக்கு மேல் சூடேறியதும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் மாற்றிவிடும். அது போனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சாலையில் பின்னால் வருகிறவர் மூச்சில்தான் வித்தியாசம்.

சத்தத்துக்கு வருவோம். ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். 1,400 சுற்றில் சும்மா நிற்கும்போது விநாடிக்கு 12 வெடிப்புகூட இல்லை. காது ஒரு சுரமாகக் கேட்கும் எல்லை விநாடிக்கு 20 அதிர்வு; அதற்குக் கீழே இருப்பதால்தான் டப் டப் என்று தனித்தனித் துடிப்பாகக் கேட்கிறது. 8,500 சுற்றில் 71. அது கனத்த ஒரு சுரம். அதன் மேல் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அடுக்கடுக்காக மேல்சுரங்கள்.

கம்பெனி சைலன்சருக்குள் அறைகளும் தடுப்புகளும் இருக்கும். அலைகள் அறைக்கு அறை மோதித் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி அவற்றின் அளவைக் கணக்கிட்டிருப்பார்கள். கடையில் வாங்கும் ‘ரேசிங்’ எக்சோஸைத் திறந்து பார்த்தால் துளையிட்ட ஒரு நேர்க் குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி நார்ப் பஞ்சு. பஞ்சு கீச்சென்ற உயர் ஓசையைத் தின்றுவிடும். 71 அதிர்வு ஓசையின் அலைநீளமோ காற்றில் கிட்டத்தட்ட 5 மீட்டர். இரண்டு மூன்று சென்டிமீட்டர் பஞ்சு அதை என்ன செய்துவிடும்? அது தடையில்லாமல் வெளியே வருகிறது. சுவரும் சன்னலும்கூட அந்தத் தாழ்ந்த ஓசையைத்தான் சரியாகத் தடுப்பதில்லை. படுக்கையில் கிடப்பவருக்கு வண்டியின் அலறல் காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் அதிர்வது இதனால். போகப்போகப் பஞ்சும் கருகிப் பறந்துபோக, மீதி ஓசையும் சேர்ந்துகொள்ளும்.

தூரம் இரட்டிப்பானால் திறந்த வெளியில் 6 டெசிபெல் குறையும். அரை மீட்டரில் 110 என்றால் 64 மீட்டரில் 68. உலக சுகாதார அமைப்பு 2009இல் ஐரோப்பாவுக்கு வகுத்த வழிகாட்டுதல், வீட்டுக்கு வெளியே இரவு முழுவதற்குமான சராசரி 40 டெசிபெல். ஒரு வண்டி கடந்து போகும் சில விநாடிகளையும் இரவு முழுவதன் சராசரியையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனால் தூக்கம் கலைவதற்குச் சராசரி தேவையில்லை.

மலேசியாவில் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் மோட்டார் வாகன ஒலி விதிமுறைகளும் ஒரே ஆண்டில், 1987இல் வந்தவை. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யும் போலீசும் எக்சோஸ் சோதனை நடத்துவதும் சம்மன் எழுதுவதும் ஜொகூரில் புதிதல்ல. 1924இல் திறந்த தாம்போதிப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இரட்டைக் கவலை, அங்கீகாரம் பெறாத எக்சோஸ் சிங்கப்பூரிலும் குற்றம். இந்திய நகரங்கள் சிலவற்றில் புல்லட் சைலன்சர்களைத் தார்ச்சாலையில் பரப்பி ரோடு ரோலரை ஏற்றியிருக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, அதனால் யார் திருந்தினார்கள் என்பது வேறு.

சோதனைமுறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிறுத்தி வைத்த வண்டியை அளக்கும் சர்வதேச முறையில் மைக்கை எக்சோஸ் வாயிலிருந்து அரை மீட்டரில் 45 டிகிரி கோணத்தில் வைப்பார்கள். உச்சத் திறன் 5,000 சுற்றுக்கு மேல் வரும் வண்டியென்றால், அந்தச் சுற்றில் பாதிக்கு இஞ்சினை ஏற்றுவார்கள். ஒய்15க்கு அது 4,250. அந்த ஓர் இடத்தில் மட்டும் சாதுவாக இருந்து, 8,000க்கு மேல் கத்தும் குழாயைச் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒற்றை ஸ்குரூவில் நிற்கும் ‘டிபி கில்லர்’ என்ற அடைப்பானைச் சோதனைக்கு மாட்டி, பிறகு கழற்றிவிடுவதும் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். ஐ.நா.வின் 41ஆம் விதிமுறை இப்போது வேறு வேகங்களிலும் ஓடும் வண்டியை அளக்கச் சொல்வதற்கு இத்தகைய தந்திரங்கள்தான் காரணம்.

சரி, பவர்? குழாயை நன்றாகத் தேர்ந்து, கசிவில்லாமல் மாட்டி, இ.சி.யு.வையும் அதற்கேற்ப மாற்றி அமைத்து 3 சதவீதம் கூடியதாகவே வைத்துக்கொள்வோம். 15.4இல் அது அரைக் குதிரைகூட இல்லை. வேகம் கூடக்கூடக் காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனமாக ஏறும். ஆகவே 3 சதவீதத் திறன் 1 சதவீத வேகத்தைத்தான் வாங்கித் தரும். 120இல் முடிந்த வண்டி 121இல் முடியும். ஸ்பீடோமீட்டர் முள்ளின் தடிமனுக்குள் அடங்கிவிடும் வித்தியாசம் அது. இதைவிடக் கூடுதலான வேகத்தை ஒரு காசு செலவில்லாமல் பெறும் வழியை மாட் ரெம்பிட் எனப்படும் தெருப் பந்தயப் பையன்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்: சீட்டில் வயிறு பட, கால்களைப் பின்னால் நீட்டிப் படுத்து ஓட்டும் ‘சூப்பர்மேன்’. காற்றில் மோதும் பரப்பு சட்டென்று குறைந்துவிடும். இயற்பியலில் அவர்கள் பக்கம் தப்பே இல்லை. பிடிபட்டால் நீதிமன்றம், விழுந்தால் சுல்தானா அமினா மருத்துவமனை.